பின்பக்கம் பத்தடி

ரெங்கநாதன் வரைந்த படத்தில்
இருக்கும் சுவர் கறுப்பு.
வரப்போகும் சுவர் சிவப்பு.
இடிக்கப்போவது மஞ்சளில், புள்ளி புள்ளியாக.
என் வீடு இத்தனை நிறமாக
என்றைக்கும் இருந்ததில்லை.

பின்பக்கம் பத்தடி. அவ்வளவுதான் கேட்கிறேன்.
வாஷிங் மெஷின் மழையில் நனையாமல் நிற்க;
இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் மகன்
பகலில் படுக்க.
"இதுக்குப் போயி யாராச்சும் பிளான் போடுவாங்களாக்கா?
வெள்ளிக்கிழமை சாயந்தரம் இடிச்சா
திங்கக்கிழமை காலையில கூரை ஏறிடும்"
என்றார் காண்ட்ராக்டர் மருதை.
ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசையில்
பாதிக் குசினிகள்
ஹரி ராயா லீவில் பிறந்தவை.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள்.
ரசீது இல்லாத எதன் கீழும்
எனக்குத் தூக்கம் வராது.

கொம்தாரில் லிஃப்டுக்கு நின்றது தனிக் கதை.
என் நம்பர் 3041. திரையில் 2987.
முதல் முறை: வீட்டு வரி ரசீது போன வருஷத்தது.
இரண்டாம் முறை: படத்தில் வடக்கு அம்பு இல்லை.
"வடக்கு எந்தப் பக்கம், புவான்?"
சிரிக்காமல் கேட்டார் நோராய்னி.
இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில்
வடக்கே தலை வைக்காமல் படுக்கிறேன்.
சட்டென்று சொன்னேன்: ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம்.
பென்சிலால் ஓர் அம்பு போட்டுக் காட்டி
திரும்ப வரைந்து எடுத்து வரச் சொன்னார்.

மூன்றாம் முறை: இருபக்க அண்டை வீட்டார் கையெழுத்து.

இடப்பக்கத்துக்காரர் ஈப்போவில்.
வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.
வலப்பக்கம் ஊய்.
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
காரணம் சாக்கடை.
யார் பக்கம் அடைத்தது என்பது
இந்நேரம் சாக்கடைக்கே மறந்திருக்கும்.

ஸ்கூட்டர் சீட்டின் மேல் படத்தை விரித்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
"என் வீடு எங்கே?" மலாயில்.
காட்டினேன். வெறும் பெட்டி, லோட் 2217.
விரலை வைத்துப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போனார்.
சுவர் நேராக முடிந்திருந்தது,
எழுபத்தெட்டில் டெவலப்பர் கொடுத்தபடி.
அவருடைய குசினி அதில் இல்லை.
சாக்கடை விளிம்புவரை நீண்ட
அந்த இல்லாத குசினியிலிருந்து
பூண்டு கருகும் வாசம் வந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தார். நானும்.
"அளக்க வருவாங்களா?"
"வருவாங்க."
"பின்சந்துப் பக்கமா?"
"தெரியாது."
உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு
பேனாவோடு வந்தார்.

புதன்கிழமை வந்த அதிகாரி சின்னப் பையன்.
டேப்பின் நுனியை என் கையில் கொடுத்துவிட்டு
பின்சந்து நோக்கி நடந்தான்.
ஊய் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.
கேஸ் சிலிண்டரைக் காணோம்.
சுவர் முழுக்கப் பெட்ஷீட்டுகள் காய்ந்தன,
ஒரு ஹோட்டலுக்குப் போதுமான அளவு.
காற்றில் மருந்துக்கும் எண்ணெய் வாசமில்லை.
அன்று ஒருநாள் அந்தக் குசினி
படத்தில் இருந்தபடியே இருந்தது.

பையன் பெட்ஷீட்டுகளைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
நான் டேப்பின் நுனியைப் பார்த்தேன்.
சர்ரென்று சுருட்டிக்கொண்டான்.
என் பத்தடி அவன் தாளில்
மூன்று தசமம் பூஜ்யம் ஐந்து ஆனது.
இந்த மௌனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
ஆபீஸில் எவரிடமும் கேட்க முடியாது.

ஐந்து மாதம் கழித்து முத்திரை: லுலுஸ்.
கூடவே பதினான்கு நிபந்தனைகள்.
ஏழாவது,
சாலையிலோ பின்சந்திலோ மணல் கொட்டக் கூடாது.

சனிக்கிழமை லாரி வந்து நின்றது.
"எங்கக்கா கொட்ட?"
என் வாசலில் கார். அதன் பின்னால் செங்கல்.
டிரைவர் ஹாரனில் கை வைத்தபோது
பக்கத்துக் கேட் திறந்தது.
ஊய் ஸ்கூட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்,
பூந்தொட்டிகளைக் காலால் ஒதுக்கினார்,
போர்ச்சின் காலி சிமெண்டைக் கை காட்டினார்.

பிறகு என்னிடம்,
திரும்பாமலே:
"சாக்கடை அடைக்காமப் பாத்துக்க."